கடையில் விட்டு வந்த ஷீல்டு

ஷீல்டு கடைக்காரர் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பதிவு என் போனுக்கு வந்தது.

'மாடித்தோட்ட விருதுன்னு சொல்லி நல்லா வசூல் பண்றாங்க. கணக்கு கேட்டா அட்மின் மேடம் காட்டுவாங்களா?'

பெயர் மறைத்து எழுதியிருந்தது.

எங்கள் மாடித்தோட்ட முகநூல் குழுவில் அப்படி எழுதலாம். அட்மின் நான் அனுமதித்தால்தான் மற்றவர்கள் பார்ப்பார்கள். எழுதுகிறவர்கள் ஒன்றை மட்டும் படிப்பதே இல்லை, அங்கேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது: பெயர் மற்றவர்களுக்குத்தான் மறைவு, அட்மினுக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்தது.

திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெரு இரைச்சல் அத்தனையும் காதில் நின்றுபோனது. வாய் வரைக்கும் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. கடையில் சாமி படம் மாட்டியிருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

வசூலாம். யாரிடமாவது ஒரு பைசா வாங்கியிருப்பேனா? நாளைக்குச் சிதம்பரத்தில் விழா. மண்டபம், சாப்பாடு, இந்த ஷீல்டுகள் எல்லாமே என் வளையல்தான். அது அடகுக் கடையில் கிடக்கிறது. முகம் தெரியாத யாரோ எழுதியிருந்தால், தெரியாமல் கேட்கிறான் என்று விட்டிருப்பேன். இதை எழுதிய ஆளுக்கு வளையல் போனது தெரியும். தெரிந்தும் வசூல் என்று எழுதக் கை வந்திருக்கிறது.

வளையல் போனால் போகட்டும். நாத்தனாரின் பாகல் கொடிக்கு மூன்றாம் இடம் வந்தது. ஓட்டு போட்டது ஊர், கோபம் என் மேல். பொங்கலுக்கு வீட்டுப் பக்கமே வரவில்லை. நர்சரியில் வாங்கிய தொட்டியை விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல் மாடியில் வைத்துப் படம் போட்ட ஒருவரைப் போட்டியிலிருந்து எடுத்தேன். அவர் என்னைத் திட்டித் தன் முகநூல் பக்கத்தில் கவிதை எழுதினார், அதற்கு நானூறு லைக். துபாய் மச்சான்களை வைத்து ஓட்டு வாங்கியவருக்கும் நான் திருடி, வாங்கத் தெரியாதவருக்கும் நான் திருடி. என்னோடு சேர்ந்து குழுவைத் தொடங்கிய சந்திரலேகா முதல் வருடமே அட்மின் வேலையை என் தலையில் கட்டிவிட்டுச் சிதம்பரத்தில் நிம்மதியாக இருக்கிறாள். சோற்றில் கை வைத்தால் போன். குளிக்கப் போனால் போன். அடுத்தவர் தோட்டத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்ததில் என் மாடிக் கத்தரி தண்ணீரில்லாமல் விறகாகிவிட்டது.

அத்தனையையும் பொறுத்தேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

அழித்துவிடலாம். ஒரு தட்டு தட்டினால் போச்சு, யாருக்கும் தெரியாது. வெளியே விட்டால் நாளைக்கு மண்டபம் காலியாகத்தான் இருக்கும். வருகிற நாலு பேரும் சாப்பிட்டுக்கொண்டே என் கையில் வளையல் புதுசா என்று பார்ப்பார்கள்.

கடைக்காரர் கடைசி ஷீல்டை எடுத்து வைத்தார். உறுதுணை விருது. இந்த வருடம் புதிதாக நான் சேர்த்தது. ஓட்டெல்லாம் கிடையாது, நானே கொடுப்பது. மேடையில் கூப்பிடும் வரை வாங்கப்போகிறவருக்குத் தெரியவே கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

அதில் பொன் எழுத்தில் இருந்த பெயரும் என் போனில் இருந்த பெயரும் ஒன்றுதான்.

அதை மட்டும் தள்ளி வைத்து, இது வேண்டாம் என்றேன்.

"பேரு அடிச்சாச்சே மேடம், இத நான் யாருக்குக் குடுக்கறது?"

குப்பையில் போடச் சொன்னேன். அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுத்தான் சொன்னேன்.

வெளியே என் வீட்டுக்காரர் வண்டியோடு காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் என்ன ஆச்சு என்று கேட்டார். பெயரை மறைத்துக்கொண்டு ஒரு ஆள் என்னைத் திருடி என்று எழுதி அனுப்பியிருப்பதாகச் சொன்னேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

செம்மண்டலம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. காலை ஊன்றிக்கொண்டு பாதி திரும்பினார். குரல் இதமாகத்தான் இருந்தது.

"இதுக்குத்தான் சொல்றேன் வினோ, இந்த வருசத்தோட வுட்டுடு. பேர மறைச்சி எழுதறவன நீ எங்க போய்த் தேடுவ?"

கட்டைவிரலால் அனுமதியை அழுத்தினேன்.

அவருடைய சட்டைப்பையில் போன் டிங் என்றது.

எடுத்துப் பார்த்தார். உங்கள் பதிவை அட்மின் அனுமதித்துவிட்டார் என்று வந்திருக்கும். அந்தக் குழுவுக்கு அட்மின் நான் ஒருத்திதான் என்பது அவருக்குத் தெரியும். வளையலை அடகு வைக்க என்னை இதே வண்டியில் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். கணக்கை வீட்டிலேயே கேட்டிருக்கலாம்.

பச்சை விழுந்தது. பின்னால் டவுன் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் வண்டியை எடுக்கவும் இல்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

நான் பெட்டியோடு இறங்கிக்கொண்டேன்.