கடலடியில் கட்டிக்கொண்டவர்கள்

எரிவாயுக் குழாய் ஆராய்ச்சியில் இருக்கும் என் மகள் பிளெசி, போன ஈஸ்டருக்கு வந்தபோது எனக்குச் சொன்ன கதை இது.

வாயுவும் தண்ணீரும் பூமிக்கடியில் ஒன்றாகவே கிடந்த தோழிகள். மேலே வந்ததும் தண்ணீரைத் தனியே பிரித்துவிடுவார்கள். இந்தத் தண்ணீரோ வாயுவின் முதுகில் ஒளிந்துகொண்டு, கடலடியில் ஓடும் குழாய்க்குள் போய்விட்டது.

அங்கே ஒரே குளிர். இருவரும் இறுகக் கட்டிக்கொண்டார்கள். அப்படியே பனிக்கட்டி போல உறைந்து குழாயை அடைத்துவிட்டார்கள்.

"யாரும்மா அது, வழியை மறிச்சுக்கிட்டு? ஊரே உலை வைக்கக் காத்திருக்கு!" என்று பின்னால் வந்த வாயுக்கள் கத்தின.

"இன்னும் தள்ளினா நான் வெடிச்சிடுவேன், தாயே!" என்று குழாய் முனகியது.

பொறியாளர்கள் கட்டியைக் கரைக்கும் மருந்தை உள்ளே விட்டார்கள். தண்ணீர் அப்போதும் பிடியை விடவில்லை.

"விட்டா உன்னை இனிமே பார்க்கவே முடியாதே!"

"விடலேன்னா ஒரு அடுப்பும் எரியாதுடி," என்றது வாயு.

தண்ணீர் அழுதுகொண்டே கையை விட்டது. குழாய் பெருமூச்சு விட்டது.

வாயு ஒரு சமையலறைக்குப் போய் நீலமாய் எரிந்தது. எரிந்ததும் நீராவியாகி, அடுப்பில் வைத்த குளிர்ந்த பாத்திரத்தின் வெளிப்பக்கம் துளித்துளியாய் ஒட்டிக்கொண்டது. பிரிந்துபோன தண்ணீர் மேகமாகி, மழையாய்ப் பெய்து, ஏரியில் சேர்ந்து, அதே பாத்திரத்துக்குள்தான் இருந்தது.

"வெளியே யாரு?"

"நான்தான்டி! எரிஞ்சேன், பாரு, நானும் தண்ணியாயிட்டேன்!"

உள்ளே இருந்தவள் தளதளவென்று குதித்தாள்.

நாளைக்கு நீங்கள் அடுப்பில் பாத்திரம் வைத்ததும், வெளியே பூக்கும் ஈரத்தைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் விட்டுவையுங்கள்.