சாயம் ஏறாத கடுகளவு

வெள்ளைக் கோழியிடமிருந்து உதிர்ந்த ஓர் இறகு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சாயச்சட்டியிடம் போய், "பெத்தவளுக்கே என்னை அடையாளம் தெரியக் கூடாது. அப்படிச் சிவப்பாக்கிவிடு" என்று கேட்டது.

"முதல்ல சோப்புத் தண்ணியில நல்லாத் தேய்ச்சுக் குளிச்சிட்டு வா. எண்ணெய்ப்பசை இருந்தா சாயம் பிடிக்காது" என்றது சட்டி.

இறகுக்கு ஒரே அவசரம். பேருக்கு நனைந்துவிட்டுச் சட்டிக்குள் குதித்தது. செக்கச்செவேல் என்று வெளியே வந்தது. அடியில் மட்டும் கடுகளவு வெள்ளை நின்றுவிட்டது. வெட்கப்பட்டு அதை மடித்து மறைத்துக்கொண்டது.

மீன் பிடிக்கிறவர் அந்த இறகைத் தூண்டில் முள்ளில் பூச்சிபோலக் கட்டி, முற்றத்து வெயிலில் வைத்துவிட்டுப் போனார். கோழி பார்த்துவிட்டது. ஓடி வந்து அலகைத் திறந்தது.

"கொத்தாதே! நான்தாம்மா, உன் இறகு. உள்ளே முள் இருக்கு, தொண்டையைக் கிழிச்சிடும்!"

"என் இறகெல்லாம் வெள்ளை. சாகப்போற நேரத்துல எல்லாப் பூச்சியும்தான் என்னை அம்மாங்குது" என்றது கோழி.

வேறு வழியில்லாமல் இறகு தன் அடிப்பக்கத்தை விரித்துக் காட்டியது.

கோழி தலையைச் சாய்த்து, ஒற்றைக்கண்ணால் உற்றுப் பார்த்தது. அலகை மூடிக்கொண்டது.

"நீதானாடி? ஒருநாளும் அடிவரைக்கும் தேய்ச்சுக் குளிச்சதில்லையே நீ. நல்லதாப் போச்சு, போ!"