அடிப்பிடித்த பருப்பு

“இந்த முறை உன்ர பிள்ளையளை என்ர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வராத, தம்பி.”

கைப்பேசியிலிருந்து சுவர்ணாவின் குரல் கிங்ஸ்பரி வீட்டு வரவேற்பறை முழுவதும் ஒலித்தது. சுவிஸில், பேர்ண் நகரில் வாழும் ரதீசனின் அக்கா அவள்.

கம்பளத்தில் விரித்திருந்த ஐரோப்பிய வரைபடத்தின்மீது ரதீசனின் பிள்ளைகள் இருவரும் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா, லுக்! நான் பிரான்ஸைத் தாண்டிட்டன்!” என்றான் தர்சிகன். அவன் தங்கை கோசிகா இத்தாலியில் வழுக்கி விழுந்து, கிரேக்கத்தில் எழுந்து நின்றாள்.

“ஏனக்கா அப்பிடிச் சொல்லுறியள்?” என்று கேட்டான் ரதீசன்.

“ஏனோ? போன கோடை இதுகள் சோபாவில இருந்து குதிச்ச குதிக்கு, கீழ்வீட்டு மனிசி தும்புத்தடியால முகட்டில இடிச்சது மறந்துபோச்சே? பிள்ளையளே இதுகள், வானரங்கள்! எனக்கு ஏலாது. சுவிஸுக்கு வாறதெண்டால் எங்கையாவது ஏரிக்கரையில வீடெடுத்து நில்லுங்கோ.”

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

ரதீசனின் மனைவி கௌசிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

அவள் நெஞ்சுக்குள் நெடுநாளாகவே ஓர் ஏரிக்கரை இருந்தது. அங்கே பனிமலை ஒன்று நீருக்குள் தலைகீழாக உறங்கும். பசும்புற் சரிவில் பிள்ளைகள் இருவரும் தொண்டை கிழியக் கத்தியபடி உருண்டு வருவார்கள். ‘மெல்ல நட, சத்தம் போடாதே’ என்று சொல்ல ஒருவரும் இரார். வெம்பிளிக்குப் போகும் பேருந்தின் மேல்தட்டில் அமர்ந்தபடியே அந்தக் கரையில் அவள் பலமுறை வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள். இறங்கவேண்டிய தரிப்பிடத்தையும் தவறவிட்டிருக்கிறாள்.

வாய்விட்டு ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லியும் பயனில்லை. ஐரோப்பாச் சுற்றுலா என்றால் நம்மவர்க்கு அது உறவினரின் வரவேற்பறைகளைச் சுற்றிப் பார்ப்பது. பாரிஸில் சித்தப்பா வீட்டு விருந்து. ஜெர்மனியில் ஒன்றுவிட்ட அண்ணை வீட்டு விருந்து. பேர்ணில் அக்கா வீட்டு விருந்து. ஈபிள் கோபுரத்தைக்கூட ஓடும் காருக்குள் இருந்து காட்டிவிடுவார்கள். ஒருமுறை கௌசி ஹோட்டல் என்று வாயெடுத்தபோது, “அக்கா இருக்கேக்க ஹோட்டலோ? சனம் கேட்டாச் சிரிக்கும்!” என்று ரதீசன் அடைத்துவிட்டான்.

சென்ற கோடையிலும் அப்படித்தான். வந்தவர் போனவர்க்கெல்லாம் சமைத்தே பேர்ணில் அவள் பொழுது கழிந்தது. ஒருநாள் அடுப்படிச் சன்னலுக்கு அப்பால், வெகுதூரத்தில், மேகமோ மலையோ என்று மயங்கும்படி ஒரு வெண்மை எழுந்து நின்றது. கையில் கரண்டியோடு கௌசியும் அப்படியே நின்றுவிட்டாள்.

பருப்பு அடிப்பிடித்துக் கரிந்தது. சுவர்ணா ஒரு சொல்லும் சொல்லாமல் சட்டியை வாங்கிக் கழுவினாள்.

‘அன்றைய கோபத்தைத்தான் இன்று பிள்ளைகள்மேல் கொட்டுகிறாவாக்கும்’ என்று கௌசி எண்ணிக்கொண்டாள்.

“என்ர பிள்ளையள் வானரங்களோ!” ரதீசன் துள்ளி எழுந்தான். “கௌசி, எடு அந்த லாப்டொப்பை! ஏரிக்கரையில திறமான வீடாய் எடுத்து, அவவின்ர வாசற்படியும் மிதிக்காமல் திரும்பி வந்து காட்டுறன்!”

ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் வீடு பதிவாயிற்று. திரையில் மரவீடும் புற்சரிவும் ஏரியும் தெரிந்தன. கனவில் அவள் கண்ட அதே ஏரி. ஆயினும் மகிழ்ச்சி வரவில்லை. பிள்ளைகளைத் திட்டியதால் கிடைத்த ஏரியில் கால் நனைக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

மறுநாள் கணவன் வேலைக்கும் பிள்ளைகள் பாடசாலைக்கும் போனபின், அவளே பேர்ணுக்கு அழைத்தாள்.

“மச்சாள், ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. பிள்ளையள் ஓடி விளையாடுறது குற்றமே? நீங்கள் நேற்றுச் சொன்னது…”

“வீடு எடுத்தாச்சோ?” என்று குறுக்கிட்டாள் சுவர்ணா.

“ஓம். நேற்றே எடுத்திட்டார்.”

“கான்சல் பண்ண ஏலுமோ?”

“ஏலாதாம்.”

“அப்பாடா!” பேர்ணிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது.

கௌசி ஒன்றும் விளங்காமல் விழித்தாள். “என்ன மச்சாள்?”

“எடி விசரி! கும்பிட்டுக் கேட்டாலும் அவன் என்ர சோபாவை விட்டு அசையான். ரோசம் வந்தால்தான் அசைவான். தொட்டிலில கிடக்கேக்கயே தெரியும் எனக்கு. பருப்பு அடிப்பிடிச்ச அண்டைக்கு உன்ர முகத்தைப் பாத்தனான். அண்டைக்கே நினைச்சிட்டன், அடுத்த முறை இவளை இந்த அடுப்படிக்குள்ள விடுறேல்லையெண்டு.”

கௌசி கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“பிள்ளையளைச் சொன்னது எனக்கும் நெஞ்சு நொந்ததுதான். வேற வழி தெரியேல்லையடி. கத்தட்டும், உருளட்டும். அங்க கீழ்வீடு இல்லை.”

“மச்சாள்…”

பிறகு சுவர்ணாவின் குரல் தாழ்ந்து, ஒரு சிறுபெண்ணுடையதைப்போல் வந்தது.

“கௌசி, இந்தச் சன்னலால அந்த மலையைப் பாத்துப் பாத்து நானும் எத்தினை தரம் பருப்பை எரிச்சிருப்பன்? வாற சனத்துக்குச் சமைச்சதோட சரி, ஒருநாளும் கிட்டப் போனதில்லை. அந்த வீட்டில கட்டில் ஒண்டு கூடுதலாக் கிடக்கோ? வந்தால் சமைக்கமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்!”