தீவுப் புறா

அடுகோடி ஊரில், வீட்டு வாசலில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. அந்தமானில் மரம் வெட்டிவிட்டு நேற்றுதான் கப்பலிறங்கி வந்த தேவசகாயம், புதருக்குள் பதுங்கி, துரத்தி, வலைவீசிப் புறா பிடித்ததாகக் கையை வீசி வீசிக் கதையளக்கிறான். "பலே மாமா!" என்று மச்சான்கள் வாய்பிளக்கிறார்கள். மனைவி எலிசா அவன் கொண்டுவந்த கூடையைத் திறக்கிறாள். செம்பும் பச்சையுமாய் மின்னும் பறவை வெளியே வருகிறது, பறக்கவில்லை. பூனையும் நரியும் இல்லாத தீவில் தலைமுறை தலைமுறையாய்ப் பிறந்த அதற்குப் பயம் உடம்பிலேயே ஊறவில்லை. மச்சான்களின் கால்களுக்கு நடுவே நிதானமாக நடந்து, அவன் பாதத்தில் ஏறி, இரைக்காக அண்ணாந்து பார்க்கிறது. வீசிய கை அப்படியே நிற்கிறது. "இதத்தான் தொரத்திப் புடிச்சீங்களா?" என்கிறாள் எலிசா. மச்சான்கள் சிரிக்கிறார்கள். அன்று தீவு மணலில் அவன் நீட்டிய கைக்கும் அது இப்படித்தான் தானாக வந்தது. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறான்.