பத்துக்கு மூணு

"கிளெனிஸ், இது மட்டும் பரீட்சை ஹாலா இருந்திருந்தா உங்களை எப்பவோ வெளியே அனுப்பியிருப்பேன்!"

நர்ஸ் நரேல் சொன்னதும் அறையிலிருந்த எட்டுப் பேரும் சிரித்தார்கள். கிளெனிஸும் சிரித்தார். வாயை மட்டும் மூடவில்லை.

டப்போ நகரத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். தீராத வலிக்காரர்களுக்கான கிளினிக். எட்டு வாரப் பயிற்சிக்கு அன்று கடைசி நாள். முதல் நாள், நாலாவது வாரம், கடைசி நாள் என்று மூன்று முறை எல்லோரும் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். வலி பத்துக்கு எத்தனை, தூக்கம் எப்படி, எங்கே வலிக்கிறது என்று ஒரு மனித உருவப் படத்தில் கருப்படிக்கவும் வேண்டும். சிகிச்சை பலித்ததா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

கிளெனிஸ் பேனாவைத் திறக்கும் முன்பே பக்கத்து நாற்காலி மெர்வைத் துளைக்க ஆரம்பித்துவிட்டார்.

"என்னய்யா மெர்வ், நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினே?"

"ஆறு."

"அடேயப்பா! இடுப்பு எப்படி? பத்துக்கு எவ்வளவு?"

"மூணுன்னு வெச்சுக்கோ. ஏம்மா, நீ என்ன போலீஸா?"

மெர்வுக்கு எழுபத்திரண்டு வயது. ஆட்டு ரோமம் வெட்டியே நாற்பது வருஷம் குனிந்த இடுப்பு. பாவம், பெரியவரை நிம்மதியாக எழுத விடமாட்டாளா என்று நரேலுக்கு எரிச்சல்.

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நரேல் ஃபாரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

திடுக்கிட்டாள்.

கிளெனிஸின் பதில்களும் மெர்வின் பதில்களும் ஒன்று போலவே இருந்தன. ஒரு டிக் கூட மாறவில்லை. நாலாவது வார ஃபாரத்தை எடுத்துப் பார்த்தாள். அதுவும் அப்படியே.

கிளெனிஸைக் கூப்பிட்டாள்.

"உங்களுக்கு வலி எங்கே?"

"இடது கையில. மணிக்கட்டு உடைஞ்சதிலேருந்து."

"அப்போ ஏன் படத்துல இடுப்பைக் கருப்படிச்சிருக்கீங்க?"

கிளெனிஸ் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"மெர்வைப் பார்த்துக் காப்பி அடிச்சிருக்கீங்க. நிரப்பக் கூட அவ்வளவு சோம்பேறித்தனமா?"

"ஆமா... தப்புதான்."

"வலி எட்டுலேருந்து மூணுக்கு இறங்கிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. இது இப்படியே போனா, கைக்கு ஊசி போடுற ஸ்பெஷலிஸ்ட் பட்டியல்லேருந்து உங்க பேரை எடுத்துடுவாங்க. மறுபடி இடம் கிடைக்க ஒரு வருஷம் ஆகும், தெரியுமா?"

"பரவாயில்லை."

"பரவாயில்லையா? ராத்திரி போர்வை பட்டாலே கை எரியுதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

நரேலின் குரல் வராந்தா வரை கேட்டிருக்க வேண்டும். சொல்லிக்கொண்டு போகலாம் என்று வந்த மெர்வ், கையில் தொப்பியோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சிஸ்டர், அவங்க என்னைப் பார்த்து எழுதலை."

"மெர்வ், நீ போ. பஸ் வந்துடும்" என்றார் கிளெனிஸ் அவசரமாக.

"நான்தான் அவங்களைப் பார்த்து எழுதுறேன்."

நரேல் புரியாமல் பார்த்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சிஸ்டர். பன்னிரண்டு வயசுல ஆட்டுக் கொட்டகைக்குப் போனவன். இத்தனை வயசுக்கு அப்புறம் அதை யார்கிட்டே சொல்றது? முதல் நாள் இவங்க கையைக் கருப்படிச்சாங்க, நானும் அடிச்சேன். டாக்டர் பத்து நிமிஷம் என் விரலைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தார். நான் முழிச்ச முழியைப் பார்த்தே இவங்க கண்டுபிடிச்சிருக்கணும்."

கிளெனிஸ் தலை குனிந்துகொண்டார்.

"நாலாவது வாரம் இவங்க இடுப்பைக் கருப்படிச்சாங்க. இவங்களுக்கு வலி இடம் மாறிடுச்சு போலன்னு நினைச்சேன், மடையன். நேரா என் இடுப்பைப் பார்த்து வைத்தியம் பண்ணீங்க. நானும் தேறிட்டேன். எழுதுறப்பல்லாம் இவங்க நொய்நொய்னு கேட்பாங்க. ஓட்டைவாய்னு மனசுக்குள்ள திட்டுவேன். என் வலியைக் கேட்டுக் கேட்டுத் தன் ஃபாரத்துல எழுதியிருக்காங்கன்னு இப்போ நீங்க போட்ட சத்தத்துலதான் உறைச்சுது."

மெர்வ் ஒரு நாற்காலியை இழுத்து கிளெனிஸ் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த மூணு என்னோடது சிஸ்டர். புதுசா ஒரு ஃபாரம் எடுங்க. இந்தம்மாவோட வலியை முதல் நாளுக்கப்புறம் யாருமே அளக்கலை."