நூறு வீதம்

துறைமுக வீதியிலுள்ள ஆய்விதழ் அலுவலகத்தில், வரும் கட்டுரைகளில் எழுத்துக் களவு இருக்கிறதா என்று பார்ப்பது பஹ்மியாவின் வேலை. கட்டுரையைக் கணினியில் ஏற்றிவிட்டால் எத்தனை வீதம் பிறருடையது என்று அது சொல்லும். "சொந்த வசனத்தில் எழுதுங்கள்" என்று நான்கு வருடமாகப் பதில் எழுதிக் களைத்துப்போனாள்.

அன்று தன் விலகல் கடிதத்தையும் கட்டுரைகளோடு தவறுதலாக ஏற்றிவிட்டாள். நூறு வீதம். விலகக் காரணமென்று கிண்ணியா பஸ்ஸையும் உம்மாவின் முழங்கால் வருத்தத்தையும் வேறு யார் எழுதுவார்கள்? வசனங்களை மாற்றி எழுதினாள். அப்போதும் நூறு வீதம்.

மூலங்களைத் திறந்தாள். சொல்லுக்குச் சொல் அதே கடிதம், இரண்டு தடவை. ஒன்றில் அவளுக்கு முன் அந்தக் கதிரையில் இருந்த நிரோஷினியின் பெயர். தாயை அம்மா என்று கூப்பிடும் கிறிஸ்தவப் பிள்ளை, அவளும் உம்மா என்றே எழுதியிருந்தாள். மற்றதில் சனூஸா என்றிருந்தது. அப்படி ஒருவரும் அங்கே வேலை செய்ததில்லை. அந்தக் கடிதத்தில் போட்டிருந்த திகதி வர இன்னும் நான்கு வருடம் இருந்தது.

ஆசிரியர் டொமினிக் கடிதத்தை வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

"ஓம் பிள்ளை, போயிட்டு வாங்கோ. புது ஆள் வெளியில இருக்கிறா."

வெளியே இருந்த பெண் எழுந்து நின்றாள்.

"நான் சனூஸா. பின்னேரம் வெள்ளன விடுவாங்களோ மிஸ்? உம்மாக்கு முழங்கால் வருத்தம்."