முகப்புத் திரையில் கதவு இல்லை

கரூரிலிருந்து வந்திருந்த அப்பா வெளியே நின்று மூன்றாம் முறையாக அழைப்புமணியை அடித்தார். பூரணி போனின் முகப்புத் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். உள்ளேயிருந்தும் போன் வழியாகத்தான் திறக்கும் வாசல் கதவின் பொத்தானைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு செய்தி இருந்தது.

"உங்கள் திரையை மேம்படுத்தக் குடும்பத்தினர் தந்த யோசனை ஏற்கப்பட்டது. ஆதரவு: இரண்டு பேர். உங்கள் பதில் வரவில்லை."

இந்த மாதிரிச் செய்திகளைப் படிக்காமலே ஒதுக்கித் தள்ளுவது அவள் வழக்கம். இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

"யோசனை சொல்ல என் போன்தான் கிடைச்சுதா அத்தை? உங்க பிள்ளையும் சேர்ந்து கை தூக்கினாரா?"

மாமியார் காந்திமதி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "சொல்லாம கொள்ளாம அம்மா வீட்டுக்குக் கிளம்பிடறே. அதான்."

"முதல்ல கதவைத் திறங்க. அப்பா வெயில்ல நிக்கறார்."

"எதை வச்சு?" காந்திமதி தன் போனை நீட்டினாள். அதில் மருந்து நேரமும் பஞ்சாங்கமும் மட்டும் இருந்தன. "வயசானவங்க தனியா வெளிய போயிடக்கூடாதுன்னு போன தீபாவளிக்கு யோசனை எழுதினது நீதானே? அன்னைக்கும் என் பிள்ளைதான் கை தூக்கினான்."

கதவு இனி அவன் போனுக்கு மட்டும்தான் திறக்கும். பூரணி கணவனை அழைத்தாள். அவன் எடுக்கவில்லை.

"பூரணி, வீட்ல யாராவது இருக்கீங்களா?" வெளியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"இருக்கோம்னு சொல்லு," என்றாள் காந்திமதி. "ஆறு மாசமா நானும் இங்கேதான் இருக்கேன்."